கட்டையில் இடித்த பிறகு ஆழம் காட்டாத ஃபிஷ் ஃபைண்டர்: டிரான்ஸ்டியூசரை மாற்றுவதா, சரிசெய்வதா?

நாகமரைத் துறை எழுதியது:

வணக்கம். நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கிறோம். 16 அடி ஃபைபர் படகு, பின்னால் சிறிய அவுட்போர்டு மோட்டார். சித்தப்பா வலை விடுவார், நான் மோட்டாரைப் பிடிப்பேன். நீருக்குள் ஒலி அனுப்பி, ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் ஒன்று வைத்திருக்கிறோம், 5 அங்குலத் திரை. பெட்டியில் மீன் பார்க்கிறவன் வலையில் பார்க்கமாட்டான் என்று சித்தப்பா அதை ஏசாத நாள் இல்லை. ஆனால் வலை விடும் முன் “எத்தனை அடி காட்டுகிறது?” என்று முதலில் கேட்பவரும் அவர்தான்.

அணையில் நீர் நன்றாக இறங்கியிருந்த சமயம், பண்ணவாடி நோக்கிப் போகும் வழியில் படகின் பின்புறம் அடியில் நின்ற ஒரு கட்டையில் இடித்துவிட்டது. நீர் வற்றும் காலத்தில் சீமைக்கருவேலம் முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிடுகிறது. மறுபடி நீர் ஏறும்போது அப்படியே முழுகி நிற்கிறது. நீர் இறங்கினால் பண்ணவாடியில் முழுகிய கோயிலின் நந்தி எங்கே தலைகாட்டும் என்று எல்லோருக்கும் தெரியும், கட்டை எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

இடித்ததில் மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரைப் பிடித்திருந்த தகடு வளைந்து, டிரான்ஸ்டியூசரின் மூக்கு மேல்நோக்கித் திரும்பிவிட்டது. கறுப்பு பிளாஸ்டிக் முகத்தில் ஒரு நீளக் கீறல். கையால் அழுத்தி நேராக்கிப் பார்த்தேன். இப்போது நிலைமை இதுதான்: படகு நின்றால் ஆழம் காட்டுகிறது. மோட்டாரை முறுக்கியதும் எண் இரண்டு முறை சிமிட்டிவிட்டு மறைந்துபோகிறது. நிற்கும்போதுகூடத் திரையில் மேலிருந்து கீழ்வரை புள்ளி புள்ளியாக ஏதோ கொட்டுகிறது. நீரின் வெப்பநிலை வரவேண்டிய இடத்தில் சில நேரம் எண், சில நேரம் வெறும் கோடு.

பெங்களூரில் ஒரு கடையில் கேட்டேன். பார்க்காமலேயே “டிரான்ஸ்டியூசர் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்றார்கள். சொன்ன விலை கருவியின் விலையில் பாதிக்கு மேல். இதைப் பழுது பார்க்க வழி உண்டா? வேறு கம்பெனி டிரான்ஸ்டியூசர் மலிவாகக் கிடைத்தால் போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்த் தூண்டில் எழுதியது:

தம்பி, காசு இருந்தால் மாற்றிவிடுங்கள். டிரான்ஸ்டியூசரைத் திறந்து பழுது பார்க்க முடியாது, உள்ளே ரெசின் ஊற்றி மூடியிருப்பார்கள். திறந்தால் உடைந்துதான் வரும்.

வேறு கம்பெனி வேண்டவே வேண்டாம். கார்மின், லோரன்ஸ், ஹம்மின்பேர்ட் மூன்றுக்கும் பிளக் வேறு வேறு. ஒரே கம்பெனிக்குள்ளேயே பிளக்கில் உள்ள முள் எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும். முள் எண்ணிக்கை ஒத்துப்போனாலும் உள்ளே வயர் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. அலைவரிசையும் வாட்டும் பொருந்த வேண்டும். கருவியின் பின்னால் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, அதற்கு என்று சொல்லப்பட்டதை மட்டும் வாங்குங்கள். மாட்டிய பிறகு மெனுவில் டிரான்ஸ்டியூசர் வகையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் பழையது மாதிரியே படுத்தும்.

காயில் கட்டுபவன், காவேரிப்பட்டணம் எழுதியது:

ஓசூர் நண்பர் சொன்னதில் பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். திறக்க முடியாது, பிளக்கில் விளையாடக் கூடாது. மறுபாதியில்தான் எனக்கு வழக்கு. போய்விட்டது என்று யார் பார்த்தது? என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கிணற்று மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து “எரிந்துவிட்டது அண்ணா, காயில் கட்டுங்கள்” என்பார்கள். பிரித்துப் பார்த்தால் கெப்பாசிட்டர் போயிருக்கும், இல்லையென்றால் வயரை எறும்பு தின்றிருக்கும். உங்கள் கதையும் அதே வாசனைதான் அடிக்கிறது.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் என் மைத்துனர் படகில் இந்தக் கருவியைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். 2017 நவம்பரில் அணையின் முதல் மதகு உடைந்து தண்ணீர் வெளியேறியபோது, திரையில் மட்டும் பார்த்திருந்த மேடு பள்ளங்களில் கொஞ்சத்தைக் கண்ணாலேயே பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. ஊருக்கெல்லாம் அது பெரிய நஷ்டம்; இருந்தாலும் பெட்டி பொய் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் மைத்துனர் ஒப்புக்கொண்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிரான்ஸ்டியூசருக்குள் இருப்பது பீசோ என்று சொல்லும் ஒரு பீங்கான் தட்டு. மின்சாரத் துடிப்பு வந்தால் அது அதிரும். எதிரொலி வந்து அதை அதிரவைத்தால் மின்சாரம் தரும். 200 கிலோ ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் நொடிக்கு 2 லட்சம் அதிர்வு. நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போகிறது. 40 அடி ஆழத்துக்குப் போய்த் திரும்ப நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம்தான். போகும்போது பலமாகப் போகிற ஒலி, திரும்பும்போது மிக மிக மெலிந்து வருகிறது. அந்த மெலிந்த மின்சாரத்தைத்தான் கேபிள் பெட்டிவரை கொண்டுசேர்க்க வேண்டும். கேபிளின் மேல் ஏன் வலைபோல் கம்பி பின்னியிருக்கிறார்கள் என்றால் இதனால்தான். வெளியில் உள்ள மின் இரைச்சல் எதுவும் உள்ளே கலந்துவிடக் கூடாது.

பீங்கான் தட்டு உடைந்திருந்தால் நின்றாலும் ஆழம் ஒழுங்காக வராது. உங்களுக்கு நின்றால் வருகிறது. ஆகவே தட்டு பிழைத்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். உங்களிடம் இருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. வேகத்தில் எண் மறைவது முகத்துக்குக் கீழே காற்றுக்குமிழி ஓடுவதால். குமிழியைத் தாண்டி ஒலி போகாது. மூக்கு மேலே தூக்கியிருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அது தகட்டின் வேலை. புள்ளி கொட்டுவதும் வெப்பநிலை கோடாக மாறுவதும் வேறு கணக்கு. வெப்பநிலை காட்டும் சென்சாருக்கு அதே கேபிளுக்குள் தனி வயர் வருகிறது. அது விட்டுவிட்டு வேலை செய்தால் கேபிளிலோ பிளக்கிலோ எங்கோ காயம் இருக்கிறது.

கரையில் வைத்தே பார்க்கலாம். கருவியைப் போட்டு, டிரான்ஸ்டியூசரைக் காதோரம் வையுங்கள். டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வந்தால் துடிப்பு போய்ச் சேருகிறது. சிறிய கருவிதான், சில நொடி காற்றில் ஓடினால் ஒன்றும் ஆகாது. பிறகு ஒருவர் திரையில் வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். மற்றவர் டிரான்ஸ்டியூசர் முனையிலிருந்து கேபிளைச் சாண் சாணாக விரலுக்குள் விட்டு, லேசாக வளைத்துக்கொண்டே வரவேண்டும். எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கேதான் காயம். மீட்டர் இல்லாமலேயே கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மல்டிமீட்டர் இருந்தால் கருவியை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, வெப்பநிலை வயர் இரண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். பல மாடல்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் அளவில் இருக்கும். உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினால் எண் இறங்க வேண்டும். பீசோ வயரில் பொதுவாக ஓம் எதுவும் காட்டாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளே மின்மாற்றி வைத்த மாடல் என்றால் மட்டும் சில ஓம் காட்டும்.

பிளக்கின் முள்ளில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். டிரான்ஸ்டியூசர் முகத்துப் பாசியைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பெட்ரோல், தின்னர், அசிடோன் எதுவும் கிட்டவே வரக்கூடாது, அந்த பிளாஸ்டிக்கை அவை அரித்துவிடும். கீறல் மேலோடு இருக்கிறதா, நகம் இறங்கும் அளவுக்கு விரிசலா என்று பார்த்துச் சொல்லுங்கள். விரிசல் என்றால் தண்ணீர் உள்ளே போகும், அப்போது நானும் ஓசூர்க் கட்சிதான்.

நாகமரைத் துறை எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. டிக் டிக் சத்தம் தெளிவாக வருகிறது. கீறல் மேலோடுதான், நகம் இறங்கவில்லை.

கேபிளை நீங்கள் சொன்னபடி வளைத்துக்கொண்டே வந்தோம். பின் இருக்கைக்கு அடியில், வலை குவித்து வைக்கும் இடத்துக்கு வந்ததும் சித்தப்பா “போச்சு, கோடு” என்றார். வலையை அள்ளிப் பார்த்தால் எலி கடித்திருக்கிறது. கட்டை விரல் நீளத்துக்கு மேல்தோலே இல்லை. பின்னிய கம்பி கறுத்துப் பச்சை பூத்திருக்கிறது. தொட்டால் பொடியாக உதிர்கிறது. உள்ளே நான்கு வயரில் ஒன்றின் மேல்தோல் போய், ஒரே ஓர் இழையில் தொங்குகிறது. படகைக் கரையில் ஏற்றியிருந்த நாட்களில் வலையில் ஒட்டிய செதிலுக்காக வந்த எலி. மீன் எங்கே இருக்கிறது என்று அதற்கு மட்டும் பெட்டி இல்லாமலேயே தெரிந்திருக்கிறது என்கிறார் சித்தப்பா.

கருவியோடு வந்த புத்தகத்தில் கேபிளை வெட்டக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இப்போது எலியே வெட்டிவிட்டது. ஒட்டுப்போட்டால் தாங்குமா?

நாகப்பட்டினத்துக்காரன் (இப்போது ஓசூர்) எழுதியது:

எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம், அப்பா விசைப்படகில் இருந்தவர். அங்கே இதை எக்கோ என்போம். பெரிய படகில் வெண்கல டிரான்ஸ்டியூசர், 50, 200 என்று இரண்டு அலைவரிசை, படகின் அடியைத் துளைத்து மாட்டியது. ஒரு கிலோவாட் வரை போகும். காயில் அண்ணன் சொன்ன காதோரச் சோதனைக்காக அதைக் காற்றில் ஓட்டிப் பார்க்கக் கூடாது, தட்டு சூடேறிக் கெட்டுவிடும். சிறிய கருவிக்கு மட்டும்தான் அந்தக் காதோரச் சோதனை. இதைப் படிக்கிற கடற்கரைக்காரர்கள் யாராவது செய்துவிடப்போகிறார்கள் என்றுதான் சொல்கிறேன்.

தம்பிக்கு வேறு ஒரு யோசனை. கட்டை அவ்வளவு இருக்கிற இடத்தில் டிரான்ஸ்டியூசரை ஏன் வெளியே தொங்கவிட வேண்டும்? ஃபைபர் படகுதானே, உள்ளேயே அடித்தளத்தில் எபாக்சிப் பசை வைத்து ஒட்டிவிடுங்கள். ஒலி ஃபைபரைத் துளைத்துப் போகும். கட்டையும் படாது, பாசியும் பிடிக்காது. ஆனால் அந்த இடத்தில் வெறும் ஃபைபர் மட்டும் இருக்க வேண்டும். நடுவில் பலகையோ ஃபோமோ இருந்தால் ஒலி அங்கேயே செத்துவிடும். ஒட்டும் முன் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, காற்று இல்லாமல் முடிந்து, அதைத் தளத்தில் வைத்து, அதன் மேல் டிரான்ஸ்டியூசரை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். ஆழம் வந்தால் அந்த இடம் நல்ல இடம். எபாக்சி மெதுவாக இறுகும் வகையாக இருக்கட்டும். 5 நிமிடத்தில் இறுகுவதில் குமிழி சிக்கிக்கொள்ளும்.

காயில் கட்டுபவன், காவேரிப்பட்டணம் எழுதியது:

நாகப்பட்டினத்துத் தம்பி சொன்ன வழி நல்ல வழிதான், ஆனால் இந்தப் படகுக்கு நான் அவசரப்படமாட்டேன். உள்ளே ஒட்டினால் வெப்பநிலை என்று காட்டுவது தண்ணீருடையது அல்ல, படகுத் தளத்துடையது. ஃபைபரைத் துளைத்துப் போக வர இரண்டு முறையும் ஒலி கொஞ்சம் குறையும். பக்கவாட்டில் காட்டும் வகை, படம் போலக் காட்டும் வகை என்றால் உள்ளே வைத்தால் சரிவராது. எல்லாவற்றுக்கும் மேலாக, எபாக்சி இறுகிய பிறகு அதைப் பெயர்த்தால் டிரான்ஸ்டியூசரும் கூடவே பெயரும். பை சோதனையைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஒட்டு தாங்கும். கம்பெனி வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்டபடி முறுக்கி டேப் சுற்றுகிறவர்கள் ஏராளம். ஒட்டு தண்ணீர் மட்டத்துக்கு மேலே, படகுக்கு உள்ளே வரவேண்டும். உங்கள் காயம் இருக்கைக்கு அடியில்தான் என்பதால் பிழைத்தீர்கள்.

முதலில் கறுத்த பகுதியை முழுவதும் வெட்டி எறியுங்கள். இரண்டு பக்கமும் செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஒட்டியது போல் உருண்டு நிற்கும், ஒரு மாதத்தில் விட்டுவிடும். வயரைச் சேர்ப்பதற்கு முன்பே, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பெரிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஒன்றைக் கேபிளில் கோத்து ஓரமாகத் தள்ளி வையுங்கள். உள்ளே பசை உள்ள வகையாகக் கேட்டு வாங்குங்கள். சின்ன வயர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சின்னக் குழாய். நிறத்துக்கு நிறம் சேருங்கள். எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வரவேண்டாம், அரை அங்குலம் முன்பின்னாக வரும்படி வெட்டினால் கேபிள் புடைக்காது, ஒன்றோடொன்று உரசாது.

பின்னிய கம்பியில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அதை வெட்டி எறிந்துவிட்டு உள்வயரை மட்டும் சேர்த்தால் ஆழம் வரும், புள்ளியும் சேர்ந்து வரும். இரண்டு பக்கத்துப் பின்னலையும் சீப்பால் வாருவது போல் பிரித்து, உள்வயர்கள் மேல் சுற்றிவரப் படியவைத்து, ஒன்றோடொன்று ஈயம் வையுங்கள். பின்னலுக்குள் தனியாக மூடிய வயர் இருந்தால் அதன் மூடலை மறுபக்கத்தில் அதே வயரின் மூடலோடே சேர்க்க வேண்டும், இன்னொன்றோடு தொடவிடக் கூடாது. சூட்டுக்கோலை அதிக நேரம் வைக்காதீர்கள், உள் பிளாஸ்டிக் இளகினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். முடிந்ததும் மீட்டரில் வயருக்கு வயர் பார்த்துவிட்டு, பெரிய குழாயை இழுத்து மூடிச் சூடு காட்டுங்கள். ஓரத்தில் பசை கசிந்து வெளியே வரவேண்டும். வந்தால் தண்ணீர் புகாது.

பிறகு கேபிளை வயரிங் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். எலி குழாயையும் கடிக்கும்தான், ஆனால் கடிக்கும் சத்தம் உங்களுக்குக் கேட்கும். மோட்டாரின் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மிச்சக் கேபிளை மோட்டாருக்குப் பக்கத்தில் சுருட்டியும் வைக்காதீர்கள்.

இனி தகடு. வளைந்ததை நிமிர்த்திப் போட்டால் மறுபடி ஆடும், புதியது வாங்குங்கள், அது மட்டும் தனியாகக் கிடைக்கும். இடித்தால் மடிந்து மேலே போகும் வகை வேண்டும். படகின் பின்பலகையில் நேராகத் துளை போடாமல், தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றை முதலில் பதித்து, அதில் தகட்டை எஸ்.எஸ். திருகால் மாட்டுங்கள். இனி எத்தனை முறை இடம் மாற்றினாலும் படகில் ஓட்டை விழாது. பழைய ஓட்டைகளை எபாக்சியால் அடைத்துவிடுங்கள்.

இடம்: பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறதா? அப்படியானால் வலப்பக்கம் மாட்டுங்கள், அந்தப் பக்கம் இலை கீழ்நோக்கி இறங்குவதால் குமிழித் தொல்லை குறைவு. புரொப்பெல்லரிலிருந்து ஒன்றேகால் அடியாவது தள்ளி இருக்கட்டும். அதற்கு நேர் முன்னால் படகின் அடியில் மடிப்போ திருகுத் தலையோ இருக்கக் கூடாது, அங்கிருந்தே குமிழி கிளம்பும். ஃபைபர் படகில் முகம் அடித்தளத்தைவிட 3 மில்லிமீட்டர் கீழே இறங்கினால் போதும். ஆட்களும் வலையும் ஏறிய படகு நீரில் எப்படி நிற்குமோ, அந்த நிலையில் முகம் கிடைமட்டமாக இருக்க வேண்டும். கரையில் மட்டம் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஓட்டிப் பார்த்து இன்னும் எண் விட்டால், பின்பக்கம் ஓர் இழை கீழே சாயும்படி வையுங்கள்.

ஒகேனக்கல் பரிசல் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பின்பலகையே இல்லாத பரிசலுக்கு ஏதாவது வழி உண்டா? வலை விடப் போகும் ஃபைபர் பரிசல். இன்னொன்று, உறவினர் ஒருவரின் கருவியைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், மீனுக்கு வரும் என்று எல்லோரும் சொல்கிற வில் வடிவம் திரையில் வரவே இல்லை. நீளமான கோடாக வருகிறது. கெட்டுப்போன கருவியா?

காயில் கட்டுபவன், காவேரிப்பட்டணம் எழுதியது:

கெடவில்லை. படகோ மீனோ நகர்ந்தால்தான் வில் வரும்; ஒலி விரியும் வட்டத்துக்குள் மீன் ஓரத்தில் நுழைந்து நடுவுக்கு வந்து மறு ஓரத்தில் போவதைத்தான் திரை வில்லாக வரைகிறது. நிற்கிற பரிசலுக்குக் கீழே மீனும் நின்றால் கோடுதான் வரும். 200 கிலோ ஹெர்ட்ஸில் விரிவு பெரும்பாலும் 20 டிகிரி. அதாவது அடியில் பார்க்கும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. 30 அடியில் 10 அடி வட்டம். பரிசலுக்குப் பக்கத்தில் கட்லா துள்ளினாலும் திரை சும்மாதான் இருக்கும்.

பரிசலுக்குக் குழாய்தான். ஓர் அங்குல பிவிசி குழாயின் முனையில் டிரான்ஸ்டியூசரை மாட்டி, விளிம்பில் கிளாம்ப் வைத்துப் பிடித்து, நீருக்குள் ஒரு சாண் இறக்கினால் போதும். பேட்டரிக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி அளவில் மூடிய வகை ஒன்று. வயரில் சிறிய ஃபியூஸ் கட்டாயம். பரிசல் சுற்றும்போது கேபிள் காலில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகமரைத் துறை எழுதியது:

எல்லோருக்கும் பதில் சொல்லவேண்டிய கடன் இருக்கிறது.

ஒட்டு வேலையைப் பென்னாகரத்தில் டிவி பழுது பார்க்கும் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து செய்தேன். உங்கள் பதிவை அவர் கைப்பேசியில் படித்துக்கொண்டே செய்தார். பின்னலைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டால் வெட்டி எறிந்திருப்பேன் என்று அவரே சொன்னார். வெப்பநிலை இப்போது ஒரே சீராக நிற்கிறது, புள்ளி கொட்டுவது நின்றுவிட்டது. புதிய தகடு, பிளாஸ்டிக் பலகை எல்லாம் சொன்னபடி மாட்டினேன். முதலில் இடப்பக்கம் இருந்ததை வலப்பக்கம் கொண்டுவந்தேன். வேகத்திலும் எண் நிற்கிறது. சித்தப்பா நம்பாமல் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கிப் பார்த்தார், 22 அடிக்கு 22 அடி.

ஒரே ஒரு குறை. பழைய ஆற்றுப் போக்கின் மேல், 40 அடிக்கு மேல் போனால் எண் தடுமாறுகிறது. 43 என்று காட்டிவிட்டு 31 என்கிறது, பிறகு மறுபடி 43. இது ஒட்டினால் வந்த பலவீனமா? புதியது வாங்கவேண்டி வருமா?

ஓசூர்த் தூண்டில் எழுதியது:

நான் முதலிலேயே சொன்னேன்.

காயில் கட்டுபவன், காவேரிப்பட்டணம் எழுதியது:

இருங்கள் ஓசூர், இன்னும் தீர்ப்பு வரவில்லை.

தம்பி, ஒட்டினால் பலவீனம் என்றால் ஆழத்தில் எண் மெலிந்து மறையும், கோடு காட்டும். 31 என்று ஒரு திட்டமான எண் வராது. 31 எங்கிருந்தோ வந்த எதிரொலி. ஆற்றுப் போக்கின் கரை சரிவாக இருக்கும் அல்லவா? விரிந்து போகும் ஒலி சரிவின் மேல்விளிம்பில் பட்டு முதலில் திரும்பிவிட்டால் பெட்டி அதையே தரை என்று எடுத்துக்கொள்ளும். அகன்ற விரிவுள்ள 77, 83 போன்ற அலைவரிசையில் ஓடுகிறதா என்று மெனுவில் பாருங்கள். அப்படி இருந்தால் 200-க்கு மாற்றுங்கள், விரிவு சுருங்கும். கூடவே நடுப்போக்கில் வண்டல் படிந்திருக்கும். இளகிய சேறு பாறையைப் போல எதிரொலி தராது. அதனால் உணர்திறனைத் தானியங்கியிலிருந்து எடுத்து, கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஆழ வரம்பையும் 60 அடி என்று நீங்களே வைத்துவிடுங்கள்.

மெனுவில் நன்னீர் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடல்நீர் என்று இருந்தால் அதனால் இந்தத் தடுமாற்றம் வராதுதான், ஆனால் 40 அடியில் ஓர் அடி அளவுக்குக் கணக்கு தப்பும்.

இவ்வளவும் செய்து, நடுப்போக்கில் நங்கூரம் போட்டு நின்று, ஈயக்குண்டையும் இறக்கிப் பாருங்கள். அங்கேயும் எண் மெலிந்து மறைந்தால் புதியது வாங்குங்கள், ஓசூர்க்காரரிடம் மாடல் எண்ணைக் கொடுத்து விலையும் கேளுங்கள். எதுவானாலும் கர்நாடகத்திலிருந்து புதுத் தண்ணீர் வருவதற்குள் பார்த்துவிடுங்கள். கலங்கலும் சருகும் வர ஆரம்பித்துவிட்டால் திரை முழுவதும் மறுபடி புள்ளிதான் கொட்டும், அப்போது எது கேபிள், எது காவிரி என்று நானும் சொல்ல முடியாது.